சொறிநாய்: ஒரு வசைச்சொல்லும் அதன் சமூக அடிப்படையும்

ஒருவரை இழிவுபடுத்த எமது பேச்சுவழக்கிற் பயிலும் சொற்களுள் ‘சொறிநாய்’ என்பதும் ஒன்று. மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, ஓயாது சொறிந்தபடி திரியும் நாயின் தோற்றமே இவ்வசையின் பிறப்பிடம். கிளிநொச்சிச் சந்தையருகே அத்தகைய நாயைக் காண்போர் கல்லெறிந்து துரத்துவர். நோயின் விளைவு இங்கே நாயின் இயல்பாகக் கொள்ளப்படுகின்றது. வறுமையின் அடையாளங்களை வறியோரின் குணங்களாகக் காட்டும் சிந்தனை முறையும் இத்தகையதே. எனவே, இந்நோயின் புறநிலைக் காரணங்களை அறிதல் பயனுடையதாகும்.

தெள்ளுக்கடி ஒருபுறமிருக்க, மூன்று காரணங்கள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, தோலைக் குடைந்து முட்டையிடும் சார்கொப்டிஸ் எனும் சிற்றுண்ணி. காது விளிம்பு, முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் மயிர் முதலில் உதிரும், அரிப்புக் கடுமையாயிருக்கும், பிற நாய்களுக்கு எளிதில் தொற்றும். மனிதருக்கும் இது தற்காலிக அரிப்பை உண்டாக்கலாம். இரண்டாவது, மயிர்க்கால்களில் வாழும் டெமொடெக்ஸ். பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்து குட்டிக்குச் செல்லும் இது, நலமான நாய்க்குத் தீங்கு செய்வதில்லை. போசாக்கின்மை, குடற்புழு, பிற நோய்கள் முதலியவற்றால் எதிர்ப்புச் சக்தி குன்றும்போதே பெருகுகின்றது. மூன்றாவது, வட்ட வட்டமாய் மயிரை உதிர்க்கும் படர்தாமரைப் பங்கசு. இது மனிதருக்கும், சிறப்பாகச் சிறுவருக்கும், தொற்றக்கூடியது.

சிற்றுண்ணி பற்றிய அறிவின் வரலாறும் சிந்தனைக்குரியது. மனிதச் சொறிக்கு உடலின் கெட்ட நீரே காரணமென ஐரோப்பிய மருத்துவம் நெடுங்காலம் நம்பியது. 1687 இல் இத்தாலியரான பொனோமோ, செஸ்தோனி ஆகியோர் அவ்வுண்ணியை நுணுக்குக்காட்டியிற் கண்டு விவரித்தனர். ஏழைப் பெண்கள் தம் பிள்ளைகளின் தோலிலிருந்து ஊசிமுனையால் எதையோ எடுத்ததைக் கண்டதே அவர்களின் ஆய்வுக்குத் தூண்டுகோலாயிற்று. எனினும் மருத்துவ உலகின் ஐயம் தீரவில்லை. 1834 இல் கோர்சிக்காத் தீவைச் சேர்ந்த ரெனூச்சி எனும் மாணவர், தம்மூர்ப் பெண்களிடம் அறிந்த ஊசிமுறையைக் கொண்டே பாரிஸ் மருத்துவர்முன் உண்ணியை எடுத்துக் காட்டினார். உழைக்கும் பெண்களின் அனுபவ அறிவை ஏற்கப் புலமையுலகுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

வன்னியில் நாய் அலங்காரப் பிராணியன்று. பன்றியிடமிருந்து வயலையும் கள்வரிடமிருந்து பட்டியையும் காக்கும் அது, உற்பத்தியிற் பங்குகொள்வது. 2008 இன் பிற்பகுதியில் கிளிநொச்சி மக்கள் கிழக்கே இடம்பெயர்ந்தனர். 2009 மே மாதத்தின் பின் பெருந்தொகையானோர் வவுனியா மெனிக் பாமில் அடைக்கப்பட்டனர். அம்முகாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. நெருக்கமும் நீர்ப் பற்றாக்குறையும் உள்ள இடங்களில் மனிதரிடையே சொறி பரவும். உலக சுகாதார நிறுவனம் 2017 இல் அதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலிற் சேர்த்தது. உணவும் காப்பாருமற்ற நாயின் நிலையும் இதற்கு இணையானதே.

வீடுகளிற் பலர் கழிவு ஒயிலை நாயின்மேற் பூசுவர். அது மருந்தன்று, நஞ்சு. தோலின் வழியும், நாய் நக்கும்போது வாயின் வழியும் உட்சென்று ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கவல்லது. தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் நோக்கிக் காரணத்தை அறிந்து மருந்திடுவதே முறை. உண்ணிக்கு ஐவர்மெக்டின் பயன்படுகின்றது. ஜப்பானிய மண்ணிற் கிடைத்த பற்றீரியாவிலிருந்து உருவான அம்மருந்துக்காக ஒமுரா, கம்பெல் ஆகியோர் 2015 இல் நோபல் பரிசில் பங்குபெற்றனர். உடல் நிறைக்கேற்ப வைத்தியரே அளவைத் தீர்மானித்தல் வேண்டும். கொலி இன நாய்களுக்கு அது உயிராபத்தாகலாம். தொற்றுஞ் சொறியாயின் வீட்டிலுள்ள நாய்கள் யாவற்றுக்கும் சிகிச்சை தேவை. நல்லுணவும் சிகிச்சையின் பகுதியே.

வைத்தியச் செலவு நாட்கூலியை மிஞ்சும்போது, கழிவு ஒயிலே கைக்கெட்டும் மருந்தாகின்றது. ஆகவே அறியாமையை மட்டும் குறைகூறிப் பயனில்லை. கூலிக் குடும்பத்தின் நாய்க்கும் இலவசச் சிகிச்சை கிட்டவேண்டும் எனக் கோருதல், அக்குடும்பத்துப் பிள்ளைகளின் நலனையும் உள்ளடக்கிய பொதுச் சுகாதாரக் கோரிக்கையாகும்.