சாவி கைக்கு வந்த பிறகு

புது கார் டெலிவரி எடுக்கும் நாளில் ஷோரூமில் எல்லாமே அவசரம்தான். சந்தனம், குங்குமம், மாலை, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், குடும்பத்தோடு ஒரு போட்டோ. இடையில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் விற்பனைப் பிரதிநிதி டச் ஸ்கிரீனில் பாட்டுப் போட்டுக் காட்டுவார். போனை புளூடூத்தில் இணைத்துக் கொடுப்பார். சன்ரூஃப் இருந்தால் அதைத் திறந்து மூடுவார். உயிரைக் காக்கும் சமாச்சாரங்களுக்கு முறை வருவதற்குள் நல்ல நேரம் முடிந்துவிடும்.

வண்டி தெருவுக்கு வந்ததும் முதலில் எரிச்சலூட்டுவது பீப் சத்தம். 2019 ஜூலை முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில் ஓட்டுநருக்கான ஏர்பேக், சீட் பெல்ட் நினைவூட்டல், வேக எச்சரிக்கை, பின்பக்க பார்க்கிங் சென்சார் ஆகியவை கட்டாயம். வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டு ஒலிக்கும். 120ஐத் தாண்டினால் ஓயவே ஓயாது. பெல்ட் சத்தத்தை அடக்குவதற்கென்றே வெறும் கொக்கியை வாங்கிச் செருகிவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஐந்து இணைய வணிக நிறுவனங்களின் தளங்களிலிருந்து அந்தக் கொக்கிகளை நீக்க உத்தரவிட்டது. பின் சீட்டுக்காரர்களுக்கும் பெல்ட் போடுவதில் விலக்கு கிடையாது. 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி, பின் சீட்டில் பெல்ட் போடாமல்தான் உட்கார்ந்திருந்தார்.

ஏர்பேக் இருக்கிறதே, பெல்ட் எதற்கு என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோதிய கணத்தில் அந்தப் பை கண் இமைப்பதற்குள் வெடித்து விரிகிறது. பெல்ட் உடம்பைப் பிடித்து நிறுத்தினால் பை தாங்கும். பெல்ட் இல்லாமல் முன்னே பாய்பவரை அதே பை எதிர்த்து அறையும்.

முன் சீட்டில் இடப்பக்கம் உட்காருபவருக்கு எதிரே, டேஷ்போர்டில் ‘ஏர்பேக்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அந்த மூடியைப் பிளந்துகொண்டுதான் பை வெளியே வரும். நம்மூரில் சரியாக அந்த இடத்தில்தான் பளிங்குப் பிள்ளையாரை ஒட்டுகிறார்கள். விபத்து நேர்ந்தால் அவர் நேராக எதிரில் இருப்பவரின் முகத்துக்குத்தான் வருவார். மூடியை விட்டு விலக்கி, சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் சாமிக்கு ஒரு குறையும் வராது.

அடுத்த கண்டம் அக்சஸரீஸ் கடை. சில கார்களில் சீட்டின் ஓரத்துக்குள்ளேயே பக்கவாட்டு ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கும். தையலோரம் அதற்கான சிறு துணிப்பட்டி தெரியும். அதன்மேல் கெட்டியான சீட் கவரை இழுத்து மாட்டினால் பை வெளியே வர வழியில்லாமல் போகலாம். முன்னால் இரும்புக் கம்பி பூட்டுவது இன்னும் மோசம்: மோதலின் வேகம் சென்சாருக்குப் போய்ச் சேரும் விதமே அதனால் மாறிவிடும். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்தக் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது.

பழகிய ஓட்டுநரையே ஏமாற்றுவது ஏபிஎஸ். வழுக்கும் சாலையில் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்க வேண்டும் என்பது பழைய பாடம். ஏபிஎஸ் உள்ள காரில் அந்த வேலையை, எந்தக் காலும் செய்ய முடியாத வேகத்தில், கருவியே செய்கிறது; சக்கரம் இறுகிப்போகாததால் ஸ்டியரிங்கைத் திருப்பி விலகவும் முடிகிறது. அப்போது மிதி காலுக்கடியில் கடகடவென அதிரும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுப்பவர்கள் பலர். எடுக்கவே கூடாது, அழுத்தியபடியே இருக்க வேண்டும்.

டேஷ்போர்டு விளக்குகளுக்கு நிறமே பாதி விளக்கம். பச்சையும் நீலமும் தகவல். மஞ்சள் எரிந்தால் சீக்கிரம் சர்வீஸில் காட்ட வேண்டும். சிவப்பு என்றால் அலட்சியம் கூடாது; ஓடும்போது சிவப்பில் எண்ணெய்க் குப்பி எரிந்தால் ஓரங்கட்டி எஞ்சினை உடனே அணைத்துவிட வேண்டும்.

பெட்ரோல் முள்ளருகே உள்ள சின்ன அம்புக்குறி ஒரு மழையின் புண்ணியம். 1986இல் ஃபோர்டு நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஜிம் மொய்லன், அலுவலகக் காருக்கு பெட்ரோல் போடப் போய், டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று தெரியாமல் தப்பான பக்கத்தில் நிறுத்தி நனைந்தார். திரும்பி வந்து ஈரத்தோடு அவர் எழுதிக் கொடுத்த யோசனைதான் இன்று உலகமெங்கும் கார்களில் இருக்கிறது. அம்பு காட்டும் பக்கம்தான் மூடி.

பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார் வாங்கியவர்களுக்கு இன்னொரு பயம்: சாவியின் பட்டன் பேட்டரி தீர்ந்தால் நடுத்தெருவில் நிற்க வேண்டுமா? வேண்டாம். பெரும்பாலான மாடல்களில் அந்தச் சாவிக்குள்ளேயே கதவைத் திறக்க ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். உள்ளே போய், சாவியை ஸ்டார்ட் பட்டன் மீது ஒட்டிப் பிடித்தபடி அழுத்தினால் பல கார்கள் கிளம்பிவிடும். சில கார்களில் அந்த இடம் வேறு எங்காவது இருக்கும். பேட்டரி நன்றாக இருக்கும்போதே கையேட்டைப் பார்த்து இடத்தைத் தெரிந்துகொண்டு, இரும்புச் சாவியால் ஒருமுறை கதவைத் திறந்தும் பார்த்துவிடலாம்.