முதன்முறை கப்பல் ஏறுவோருக்கு ஒரு ரயில்காரனின் யோசனைகள்

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “கப்பல்லே போயிட்டு வந்தீங்களாமே சார், எப்படி இருந்தது? வயசான அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எழுதிக் கொடுத்தால் எல்லோருக்கும் பயன்படுமே என்றார் ஆசிரியர். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் 36 வருடம் தண்டவாளத்தோடு வாழ்ந்தவன். கடலைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்றும் தெரியாதவன் முதன்முறை போனால் எங்கெங்கே தடுமாறுவான் என்பது நன்றாகத் தெரியும். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நாங்கள் போனதற்குக் காரணம் என் அம்மா. பரமக்குடிப் பக்கம் பிறந்தவர். தாத்தா கொழும்பில் கடையில் வேலை பார்த்ததால், சிறு வயதில் போட் மெயிலில் தனுஷ்கோடி வரை போய், அங்கிருந்து ஸ்டீமரில் தலைமன்னார் போயிருக்கிறார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. “இன்னொரு தரம் கப்பல்ல போகணும்ப்பா” என்று அறுபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டேன். 83 வயதானதும்தான் எனக்குப் பயம் வந்தது. 2024 ஜனவரியில் மும்பையிலிருந்து கோவா, லட்சத்தீவு போய்த் திரும்பும் கப்பலில் அம்மா, என் மனைவி, மகன், மருமகள், பேரன், நான் என்று ஆறு பேருக்குப் பதிவு செய்தேன்.

எந்த மாதம், எந்த அறை?

அரபிக் கடலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். அலை பெரிதாக இருக்கும். முதன்முறை போகிறவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போவது நல்லது.

அடுத்தது அறை. ரயில் பெட்டியில் சக்கரங்களுக்கு நேர் மேலே படுத்தவருக்கு ஆட்டம் அதிகம், பெட்டியின் நடுவே படுத்தவருக்குக் குறைவு என்று நமக்குத் தெரியும். கப்பலும் கிட்டத்தட்ட அப்படித்தான். அலையில் அது ஏற்றப்பலகை போல நடுப்பகுதியை ஆதாரமாக வைத்து முன்னும் பின்னும் ஏறி இறங்கும். பக்கவாட்டில் சாயும்போது மேல் தளங்களில் இருப்பவர்களுக்கு வீச்சு அதிகம். ஆகவே கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். பயணிகள் கப்பல்களின் இரு பக்கமும் தண்ணீருக்கு அடியில் மீன் துடுப்பு மாதிரி இரண்டு இறக்கைகள் உண்டு. அவை சாய்வை வெகுவாகக் குறைத்துவிடும். ஆனாலும் அறை இருக்கும் இடத்தை இடம் பார்த்தே எடுக்க வேண்டும். மேலே நீச்சல் குளமோ நடனக் கூடமோ இருந்தால் நள்ளிரவு வரை தூக்கம் வராது. பதிவு செய்யும்போது தளங்களின் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

ஜன்னலே இல்லாத உள்ளறை மலிவு. ஜன்னல் உள்ளது அதற்கு மேல். பால்கனி உள்ளது இன்னும் மேல். இரவு தூங்க மட்டும்தான் அறைக்குப் போவோம் என்றால் உள்ளறையே போதும். நடமாட முடியாத பெரியவர் கூட வந்தால் ஜன்னல் அறைக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. அம்மா பாதி நேரம் அந்த ஜன்னல் ஓரம்தான் உட்கார்ந்திருந்தார்.

விளம்பரத்தில் போடாத காசு

“ஒருவருக்கு இவ்வளவு” என்று போட்டிருப்பது ஓர் அறையில் இருவர் தங்கினால் ஆகும் கணக்கு. தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இரண்டு பேர் பணத்தைக் கட்ட வேண்டியிருக்கலாம். அதற்கு மேல் துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, ஊழியர்களுக்கான அன்பளிப்புத் தொகை என்று சேரும். பொதுச் சாப்பாட்டுக் கூடம் கட்டணத்தில் அடங்கும். தனி உணவகங்கள், மது, சில குளிர்பானங்கள், இன்டர்நெட், கரையில் சுற்றிப் பார்க்கும் பஸ் எல்லாம் பெரும்பாலும் தனிக் கணக்கு. “எல்லாம் சேர்த்து, கடைசியில் நான் கட்டப்போகும் தொகை எவ்வளவு? ரத்து செய்தால் எந்தத் தேதி வரை எவ்வளவு பிடிப்பீர்கள்?” என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கப்பலுக்குள் காசு புழங்காது. அறைச் சாவியாக ஓர் அட்டை தருவார்கள். வாங்குவதெல்லாம் அதில் ஏறும். என் பேரன் முதல் நாளே ஐஸ்கிரீம், விளையாட்டுக் கூடம் என்று அட்டையை நீட்டிக்கொண்டே போய்விட்டான். தினமும் இரவு வரவேற்பு மேசையில் கணக்கைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்போனில் கவனம் தேவை. கரையை விட்டு விலகியதும் நம் டவர் போய்விடும். சில கப்பல்களில் சாட்டிலைட் வழியாக இயங்கும் தனி நெட்வொர்க் உண்டு. போன் தானாகவே அதைப் பிடித்துக்கொண்டால் வீட்டுக்கு வந்ததும் பில்லைப் பார்த்து மயக்கம் வரும். புறப்பட்டதும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள்.

நான் செய்த பெரிய தவறு

பாலார்ட் பியர் என்றதும் எனக்குப் பழைய ரயில் ஞாபகம்தான் வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் சீமையிலிருந்து வரும் தபால் கப்பலில் இறங்கியவர்கள் அங்கேயே ரயில் ஏற பாலார்ட் பியர் மோல் என்று ஒரு ஸ்டேஷன் இருந்தது. 1928-ல் தொடங்கிய ஃப்ரான்டியர் மெயில் பெஷாவருக்குக் கிளம்பிய இடங்களில் அதுவும் ஒன்று. இன்று அந்த ஸ்டேஷன் இல்லை. இதையெல்லாம் பேரனுக்கு விளக்கிக்கொண்டே பெட்டிகளை ஊழியரிடம் ஒப்படைத்தேன். அங்கேதான் தவறு நடந்தது.

விமானத்தைப் போலவே இங்கும் பெரிய பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் அவை அறை வாசலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். மதியம் 1 மணிக்குக் கொடுத்தோம். மாலை 6 மணிக்கு ஐந்து பெட்டிகள் வந்துவிட்டன. அம்மாவின் பெட்டி மட்டும் வரவில்லை. அவருடைய இன்சுலினும் ரத்த அழுத்த மாத்திரையும் அதற்குள் இருந்தன. இரவு 8 மணிக்கு ஊசி போட்டுச் சாப்பிட வேண்டியவர். கப்பல் கிளம்பியாகிவிட்டது. கரை விளக்குகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. ரயிலாக இருந்தால் அடுத்த ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுக்கலாம், ஆபத்துக்குச் சங்கிலியை இழுக்கலாம். கப்பலில் சங்கிலி கிடையாது.

மகன் வரவேற்பு மேசைக்கு ஓடினான். மனைவி மருத்துவ அறைக்குப் போனாள். நான் ஒவ்வொரு தளமாக நடைபாதையில் பெட்டியைத் தேடி அலைந்தேன். இரவு 9 மணிக்கு, எங்களுக்கு இரண்டு தளம் மேலே ஒரு வாசலில் கிடந்தது. நான் சரியாக ஒட்டாத காகிதச் சீட்டு கிழிந்து, அறை எண்ணில் பாதிதான் மிச்சம் இருந்தது. வேறு யார்மேலும் குற்றமில்லை. அம்மா பசியோடு ஒரு வார்த்தை சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

ஆகவே நண்பர்களே, பயணம் முழுவதற்குமான மருந்துகளையும் இன்னும் மூன்று நாளுக்கு அதிகமாகவும், மருத்துவரின் சீட்டோடு, கையில் எடுத்துச் செல்லும் பையில் வையுங்கள். மூக்குக் கண்ணாடி, அடையாள அட்டை, ஒரு மாற்றுத் துணியும் அதிலேயே இருக்கட்டும். இன்சுலின் உறைந்துவிடக் கூடாது, வெயிலும் படக் கூடாது. அறையில் குளிர்ப்பெட்டி உண்டா என்று முன்பே கேளுங்கள். இல்லையென்றால் மருத்துவ அறையில் வைத்துக்கொள்வார்களா என்று விசாரியுங்கள். பெட்டிக்கு வெளியே சீட்டு இருந்தாலும், உள்ளேயும் பெயர், அறை எண் எழுதிய ஒரு தாளைப் போட்டு வையுங்கள்.

கப்பலில் டாக்டர் உண்டு. ஆனால் அது முழு ஆஸ்பத்திரி அல்ல. கட்டணமும் அதிகம். நடுக்கடலிலிருந்து நோயாளியைக் கரை சேர்க்க ஆகும் செலவையும் ஏற்கும் காப்பீடு எடுப்பது புத்திசாலித்தனம். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் முதலில் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். பெரும்பாலான கப்பல்களில் ஆறு மாதக் கர்ப்பத்துக்கு மேல் ஏற்றுவதில்லை.

குக்கர் வேண்டாம்

நம்மவர்கள் காசிக்குப் போனாலும் கரண்ட் குக்கரோடு போகிறவர்கள். கப்பலில் குக்கர், வெந்நீர்க் காயில், இஸ்திரிப் பெட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதற்கும் அனுமதி கிடையாது. என் மனைவி காப்பிக்காக வைத்திருந்த காயிலை முனையத்திலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். அவள் முகம் வாடியது. ஆனால் நியாயம் அவர்கள் பக்கம். ரயிலில் தீப்பிடித்தால் இறங்கி ஓடலாம். கடலில் எங்கே ஓடுவது? வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரவும் பெரும்பாலும் விடுவதில்லை. கவலை வேண்டாம், சைவச் சாப்பாடு தாராளமாகக் கிடைத்தது. தயிரும் சாதமும் இருக்கும் இடத்தை அம்மா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸுக்கு, கையில் தேய்க்கும் சானிடைசர் மட்டும் போதாது. கழிவறை வந்தே பாரத் ரயிலில் உள்ளது போலக் காற்றால் உறிஞ்சும் வகை. கழிவறைக் காகிதம் தவிர வேறு எதையும் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

குமட்டலுக்கு வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. மேல்தளத்தில் காற்றுப்பட நின்று தொடுவானத்தைப் பாருங்கள். புத்தகமும் போனும் வேண்டாம். கொஞ்சம் இஞ்சி மென்றாலும் சிலருக்குக் கேட்கும். ஏவோமின் போன்ற மாத்திரையை ஆட்டம் தொடங்கும் முன்பே போட்டால்தான் பலன். அது தூக்கம் வரவழைக்கும் மருந்து. பெரியவர்களுக்குத் தடுமாற்றம் வரலாம் என்பதால் டாக்டரைக் கேட்டே கொடுங்கள்.

ஏழு சிறிய ஊதல், ஒரு நீண்ட ஊதல்

புறப்படும் முன் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். பலர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கான்கோர்டியா என்ற கப்பல் இத்தாலியில் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பயிற்சி மறுநாள்தான் என்று வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான், புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தியே ஆக வேண்டும் என்ற சர்வதேச விதி 2015 முதல் அமலுக்கு வந்தது. ரயில்வேயிலும் ஒவ்வொரு பாதுகாப்பு விதிக்கும் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது.

ஆபத்துக்கால ஒலி ஏழு சிறிய ஊதல், ஒரு நீண்ட ஊதல். அதைக் கேட்டால் லிஃப்டில் ஏறாமல் படிக்கட்டு வழியாக உங்களுக்குக் குறித்த இடத்துக்குப் போக வேண்டும். அறையிலிருந்து படிக்கட்டு எத்தனை கதவு தள்ளி என்று எண்ணி வையுங்கள். இருட்டிலும் புகையிலும் அந்த எண்ணிக்கைதான் வழிகாட்டும். நடக்க முடியாதவர் இருந்தால் அவரை யார் கூட்டிவருவது என்று அப்போதே ஊழியரிடம் கேளுங்கள். நான் கேட்டேன். அம்மாவின் பெயரைத் தனியாகக் குறித்துக்கொண்டார்கள்.

கரை இறங்கும்போது

கோவாவில் கப்பல் மர்மகோவா துறைமுகத்தில் கரையோடு நிற்கும். சக்கர நாற்காலியிலேயே இறங்கலாம். திரும்ப வேண்டிய நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தனியாக டாக்ஸி பிடித்துப் போய்ச் சாலை நெரிசலில் மாட்டினால் கப்பல் காத்திருக்காது. ஒரு மணி நேரமாவது முன்னதாகத் திரும்பிவிடுங்கள்.

லட்சத்தீவு அப்படியல்ல. அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். அதைக் கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்கிறார்களா, நாம் என்ன தாள்கள் கொடுக்க வேண்டும் என்று பதிவின்போதே கேளுங்கள். தீவைச் சுற்றிப் பவளப்பாறை, ஆழமில்லாத நீர். அதனால் பெரிய கப்பல் வெளியிலேயே நின்றுவிடும். சிறு படகில் மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். படகு ஏறி இறங்கிக்கொண்டிருக்க, சரியான நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். அலை அதிகமானால் இறங்குவதையே கேப்டன் ரத்து செய்யலாம். முழுப் பணமும் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அன்று படகுகள் ஓடின. ஆனால் அம்மாவைப் பார்த்ததும் அங்கே நின்ற அதிகாரி தலையை அசைத்துவிட்டார். “ரிஸ்க் வேண்டாம்” என்றார். எனக்கு முணுக்கென்று கோபம் வந்தது. அடுத்த நிமிடம், என் ஆளாக இருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன் என்று தோன்றியது. மற்றவர்களை அனுப்பிவிட்டு நானும் அம்மாவும் மேல்தளத்தில் உட்கார்ந்தோம். தூரத்தில் தென்னைகளும் வெள்ளை மணலும், அதைச் சுற்றிப் பச்சை நீரும்.

“உனக்கு ஏமாத்தமா இருக்காம்மா?” என்று கேட்டேன்.

“எறங்கறதுக்கா வந்தேன்? கப்பல்ல போகத்தானேப்பா வந்தேன்” என்றார். பிறகு தலைமன்னார் ஸ்டீமரில் தாத்தா வாங்கிக்கொடுத்த பிஸ்கட்டைப் பற்றி வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதையை என் 60 வயதுக்கு மேல் முதன்முறையாகக் கேட்டேன்.

பெரியவர்களைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். தாராளமாகப் போகலாம். பதிவின்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லுங்கள். குளியலறை வாசலில் உயர்ந்த படி உண்டா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்று கேளுங்கள். மருந்துப் பையைக் கையை விட்டு இறக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று என்னைப் போலத் தள்ளிப் போடாதீர்கள்.