விமானம் ஏறாமல் வெளிநாட்டுப் பயணம்

வெளிநாடு போக நிறையப் பணம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நேபாளம் போக அவ்வளவு தேவை இல்லை. ரயிலிலும் பஸ்சிலும் போய் வரலாம்.

புத்தர் பிறந்த லும்பினி நேபாளத்தில் உள்ளது. உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூர் வரை ரயில் உண்டு. அங்கிருந்து சுனௌலி என்ற எல்லை ஊருக்குப் பஸ்சில் போகலாம். எல்லையை நடந்தே கடக்கலாம். அந்தப் பக்கம் பைரஹவா. அங்கிருந்து லும்பினிக்குப் பஸ் கிடைக்கும். அசோகர் நட்ட கல் தூணை லும்பினியில் இன்றும் காணலாம்.

இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் இல்லையா? வாக்காளர் அடையாள அட்டை போதும். ஆனால் 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு ஆதார் அட்டை செல்லாது. அதை மட்டும் நம்பிப் போனால் செலவு வீண்.

பணத்திலும் கவனம் தேவை. 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். இந்தக் கணக்கு 1993 முதல் மாறவில்லை. கடைக்காரர் "160 ரூபாய்" என்றால், "எந்த நாட்டு ரூபாய்?" என்று கேட்க வேண்டும். கேட்காமல் நம் நோட்டில் 160 கொடுத்தால் 60 ரூபாய் நஷ்டம்.

கணக்குத் தெரிந்தவர் ஏமாற மாட்டார்.