விசா ஆலோசகருக்குக் கடிவாளம் இடுவது யார்?

புது தில்லி: அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று 104 இந்தியர்களுடன் 2025 பிப்ரவரி 5-ம் தேதி அமிருதசரஸில் தரையிறங்கியது. உரிய ஆவணங்கள் இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். ஹரியாணாவைச் சேர்ந்தவர்கள் 33 பேர், குஜராத்தைச் சேர்ந்தவர்கள் 33 பேர், பஞ்சாபைச் சேர்ந்தவர்கள் 30 பேர். விலங்கிடப்பட்டு அவர்கள் அழைத்து வரப்பட்டது நாடாளுமன்றத்தில் கடும் அமளியைக் கிளப்பியது.

மறுநாள் மாநிலங்களவையில் அறிக்கை அளித்த வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர், இத்தகைய நடவடிக்கை புதிதல்ல என்று கூறி, 2009 முதலான ஆண்டுவாரி எண்ணிக்கையை வெளியிட்டார். 2019-ல் மட்டும் 2,042 பேர் திருப்பி அனுப்பப்பட்டிருந்தனர். திரும்பி வந்தவர்கள் தரும் தகவல்களின் அடிப்படையில் முகவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அவர் உறுதியளித்தார்.

எந்தச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சட்டத்தின் எல்லை: இத்துறையில் பல்லாண்டுகளாக அடிப்படையாக இருந்து வந்தது 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். வளைகுடா நாடுகளுக்குத் தொழிலாளர்கள் பெருமளவில் சென்ற காலத்தில் இயற்றப்பட்டது இது. வேலைவாய்ப்புக்காக வெளிநாடு செல்வதையே அது 'குடிபெயர்வு' என்கிறது. ஆள் சேர்க்கும் முகவர் பதிவுச் சான்று பெற வேண்டும். வங்கி உத்தரவாதம் அளிக்க வேண்டும். தொழிலாளரிடம் அவர் வசூலிக்கும் சேவைக் கட்டணத்துக்கு ரூ.30 ஆயிரமும் வரியும் என்று வரம்பு விதிக்கப்பட்டது.

ஆனால் மாணவர் விசா, சுற்றுலா விசா, நிரந்தரக் குடியுரிமை ஆகியவற்றுக்கு விண்ணப்பம் தயாரித்துத் தருபவர் 'ஆள் சேர்க்கும் முகவர்' என்ற இலக்கணத்துக்குள் வருவதில்லை. அவர் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. மத்திய அரசிடம் உரிமம் பெற வேண்டியதில்லை. கட்டணத்துக்கு உச்சவரம்பும் இல்லை.

சட்டம் எட்டும் இடத்திலும் அதன் கை வலுவாக இல்லை. பதிவின்றி ஆள் சேர்ப்பது போன்ற குற்றங்களுக்கு அதன் 24-வது பிரிவு விதிக்கும் தண்டனை அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை, அபராதம் ரூ.2 ஆயிரம். பல லட்ச ரூபாய் புரளும் தொழிலில் இந்த அபராதம் யாரையும் அச்சுறுத்தாது. வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும். பாதிக்கப்பட்டவரோ அவரது குடும்பத்தினரோ நேரடியாகப் புகார் அளித்தால் மட்டுமே விலக்கு உண்டு. கடன்பட்டுத் திரும்பிய குடும்பம் நீதிமன்றப் படியேறத் தயங்குவதில் வியப்பில்லை.

பொய் ஒருவருடையது, தண்டனை மற்றவருக்கு: கனடா சென்ற இந்திய மாணவர்களின் கல்லூரி அனுமதிக் கடிதங்கள் போலியானவை என்று 2023-ல் தெரியவந்தது. ஜலந்தரில் இயங்கிய ஆலோசகர் ஒருவர் தயாரித்துத் தந்த கடிதங்கள் அவை. படிப்பை முடித்து நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் பலருக்கு உண்மை தெரிந்தது. நாடு கடத்தும் நோட்டீஸ் வந்ததோ மாணவர்களுக்கு. போராட்டங்களுக்குப் பிறகு, மோசடியில் பங்கில்லாதவர்களுக்குத் தற்காலிக அனுமதி அளிப்பதாகக் கனடா அரசு அறிவித்தது. அந்த ஆலோசகர் கனடாவில் கைதாகி, 2024-ல் அந்நாட்டு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

கனடாவின் குடியேற்றச் சட்டப்படி, விண்ணப்பத்தில் பொய்த் தகவல் தந்தால் 5 ஆண்டுகளுக்குத் தடை விதிக்கப்படும். விண்ணப்பத்தை நிரப்பியவர் யாராயினும் கையெழுத்திட்டவரே பொறுப்பு. அதனால்தான் அந்நாட்டில் வழக்கறிஞர்களும் உரிமம் பெற்ற ஆலோசகர்களும் மட்டுமே கட்டணம் பெற்று ஆலோசனை கூறலாம். பிரிட்டனில் 1999-ம் ஆண்டுச் சட்டப்படி, தகுதியற்றவர் குடியேற்ற ஆலோசனை வழங்குவது குற்றம். ஆனால் இவ்விதிகளை இந்தியச் சிறுநகரத்துக் கடையொன்றில் நடைமுறைப்படுத்துவது அந்நாடுகளால் எளிதில் இயலாத காரியம்.

தமிழகமும் விலக்கல்ல: தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பி, சுற்றுலா விசாவில் சென்ற இந்திய இளைஞர்கள் மியான்மரின் மியாவடி பகுதியில் இணைய மோசடிக் கூடங்களில் சிக்கியது 2022-ல் அம்பலமானது. மீட்கப்பட்டவர்களில் தமிழக இளைஞர்களும் இருந்தனர். சுற்றுலாப் பயணி என்ற பெயரில் செல்பவரைக் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் ஆய்வு எட்டுவதில்லை.

மாநிலங்களின் முயற்சி: பஞ்சாப் அரசு 2012-ல் தனிச் சட்டம் இயற்றியது. பயண முகவர்கள், விசா ஆலோசகர்கள், ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி மையங்கள் ஆகியோர் மாவட்ட நிர்வாகத்திடம் உரிமம் பெற வேண்டும் என்கிறது அச்சட்டம். ஹரியாணா சட்டப்பேரவை 2025 மார்ச்சில் இத்தகைய மசோதாவை நிறைவேற்றியது. எனினும் ஒரு மாநிலத்தில் கெடுபிடி வந்தால் பெயர்ப்பலகையைக் கழற்றி அடுத்த மாநிலத்தில் மாட்டுவது எளிது.

அரசியல் சாசனத்தின் 7-வது அட்டவணையில், குடிபெயர்வு, கடவுச்சீட்டு, விசா ஆகியவை மத்தியப் பட்டியலின் 19-வது இனம். எனவே நாடு முழுமைக்குமான சட்டம் இயற்றும் பொறுப்பு நாடாளுமன்றத்தினுடையது. குடிபெயர்வு மசோதாவின் வரைவுகள் 2019-லும் 2021-லும் வெளியாயின, இரண்டும் சட்டமாகவில்லை. வெளிநாட்டுப் பணிப் பெயர்வு (வசதி மற்றும் நலன்) மசோதாவின் வரைவை 2025 அக்டோபரில் வெளியிட்ட வெளியுறவு அமைச்சகம், நவம்பர் 7 வரை பொதுமக்களின் கருத்தைக் கேட்டது.

சட்ட உதவி எங்கே? வெளிநாட்டில் தவிக்கும் இந்தியருக்குத் தூதரகங்கள் சட்ட உதவி அளிக்க, 2009-ல் தொடங்கப்பட்ட இந்திய சமூக நல நிதி வழிசெய்கிறது. 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் உள்ளிட்டோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கோரலாம். இவை பெரும்பாலும் துன்பம் நேர்ந்த பிறகு கிடைப்பவை. கையெழுத்திடும் முன், படிவத்தைப் படித்துக் காட்டி விளைவைச் சொல்லும் நம்பகமான ஆள்தான் கிராமத்து இளைஞருக்குத் தேவை.

எந்தப் புதிய சட்டத்தையும் இரண்டு கேள்விகளால் எடைபோடலாம். விசா ஆலோசகர் அதன் வரம்புக்குள் வருகிறாரா? அவர் எழுதிய பொய்க்கு அவரே பொறுப்பேற்க நேருமா? இரண்டுக்கும் 'ஆம்' என்ற விடை இல்லையெனில், அடுத்த விமானம் தரையிறங்கும்போதும் அவையில் அறிக்கை மட்டுமே மிஞ்சும்.