பத்தாவது மரம் எங்கே?

மலாக்கா மாநிலம், ஜாசின் மாவட்டத்து நியாலாஸ் பக்கம் போனால் ரப்பரும் செம்பனையுமாகக் கண்ணில் படும். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டு விடியுமுன்பே தொடங்கிவிடும். வெயில் ஏற ஏற பால் ஓட்டம் குறையும். இரவெல்லாம் மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்டு கிடையாது. பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மழைநீரோடு பட்டையில் வழிந்து வீணாகிவிடும். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கணினிக்குத்தான் சொல்லித்தர வேண்டும். அதை இப்படித் தமிழிலேயே எழுதலாம்:

மழை = 1
@( மழை == 1 ) ஆனால்
    பதிப்பி "இன்று வெட்டு இல்லை"
இல்லை
    பதிப்பி "உளியை எடு"
முடி

இது ‘எழில்’ என்னும் நிரல்மொழி. தமிழ் மாணவர்கள் தாய்மொழியிலேயே நிரல் எழுதிப் பழக வேண்டும் என்று முத்து அண்ணாமலை 2007இல் இதை உருவாக்கத் தொடங்கினார். 2009இல் வெளியில் அறிவித்தார். எழுதிய வரிகளைக் கணினி மேலிருந்து கீழாகப் படித்து உடனே செய்து காட்டுகிறது. எழுத்துப்பிழை இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும். புதிதாகப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

முதல் வரியில் மழை என்ற பெயருக்குள் 1 என்ற மதிப்பு போய் உட்காருகிறது. இரண்டாம் வரியில் இருக்கும் இரட்டைச் சமக்குறி ஒரு கேள்வி: மழையின் மதிப்பு 1தானா? ஒற்றைக் குறி மதிப்பை வைக்கும், இரட்டைக் குறி ஒப்பிட்டுப் பார்க்கும். முதல் வாரத்தில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் அரிது.

‘ஆனால்’ எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஆங்கிலச் சொற்களால் ஆன மொழிகளில் ‘இஃப்’ முன்னால் வரும், நிபந்தனை அதன் பின்னால் வரும். தமிழில் ‘மழை பெய்தால்’ என்கிறோம்; நிபந்தனையைச் சொல்லி முடித்த பிறகுதான் ‘ஆல்’ வருகிறது. எழிலும் அந்த வரிசையிலேயே போகிறது. பேசுகிற ஒழுங்கிலேயே நிரலும் அமைவதுதான் இந்த மொழியின் பெரிய பலம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: இங்கே ‘ஆனால்’ என்பது ‘அப்படி ஆனால்’ என்ற பொருளில் வருகிறது.

அடுத்த பயிற்சி, திரும்பத் திரும்பச் செய்வது. ஒரு நிரையில் பத்து மரம். ஒவ்வொன்றின் எண்ணையும் திரையில் காட்ட வேண்டும்.

@( மரம் = 1, மரம் < 10, மரம் = மரம் + 1 ) ஆக
    பதிப்பி மரம்
முடி

அடைப்புக்குள் தொடக்க மதிப்பு, நிபந்தனை, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூட்டுவது என மூன்றும் இருக்கின்றன. ஓடவிட்டால் 1, 2, 3 என்று வந்து 9இல் நின்றுவிடும். பத்தாவது மரம் எங்கே? நிரலில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, கணினியும் குறை சொல்லவில்லை. மரத்தின் மதிப்பு 10 ஆனதும் ‘பத்தைவிடச் சிறியதா?’ என்று கணினி கேட்கிறது. இல்லை என்பதால் வெளியே வந்துவிடுகிறது. சிறியது என்ற குறியோடு ஒரு சமக்குறியைச் சேர்த்து <= என்று எழுதினால் பத்தும் வந்துவிடும். இதைத் தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் மரத்தின் மதிப்பு என்ன என்று கையால் எழுதிப் பார்ப்பது நல்லது. நூறு விளக்கம் கேட்பதைவிட ஒரு முறை அப்படி எழுதிப் பார்த்தால் மனத்தில் நின்றுவிடும்.

இப்படி நிபந்தனையில் சறுக்கவைக்கும் லீப் ஆண்டுக் கணக்கும் எல்லா மொழியிலும் தொடக்கக்காரருக்குத் தரும் பயிற்சிதான். நான்கால் வகுபட்டால் லீப் ஆண்டு என்று மட்டும் எழுதினால் 1900இல் மாட்டிக்கொள்வோம். நூறால் வகுபடும் ஆண்டு, நானூறாலும் வகுபட்டால்தான் லீப். அதனால் 2000 லீப் ஆண்டு, 1900 அல்ல.

எழில் தமிழில் இருந்தாலும் அதன் உள்ளே ஓடுவது பைத்தான். நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ரோசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடங்கி 1991இல் வெளியிட்ட மொழி அது. பிற்பாடு வேலைக்குப் போகிறவருக்குப் பைத்தான் தேவைப்படும். எழிலில் பழகியவருக்கு அங்கே பெரும்பாலும் சொற்களும் அவற்றின் வரிசையும்தான் மாறும். 2008இல் வந்த பைத்தான் 3இல் மதிப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். மழை, மரம், வாளி எல்லாம் செல்லும். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ண அங்கே ‘ரேஞ்ச்’ என்ற கட்டளை இருக்கிறது. அதற்கு 1, 10 என்று கொடுத்தால் அங்கேயும் ஒன்பதோடு நின்றுவிடும். பத்தாவது மரமும் வேண்டுமென்றால் 11 என்று கொடுக்க வேண்டும்.