15 ஆயிரம் ரூபாய் சைக்கிளுக்கு 150 ரூபாய் பூட்டு போதுமா? திருடு போகாமல் இருக்க எந்தப் பூட்டு வாங்கலாம்?

காலையில் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் சைக்கிளை நிறுத்தி, பூட்டி, சாவியை பாக்கெட்டில் போட்டாச்சு. மாலையில் வந்து பார்த்தால் சைக்கிள் இல்லை. துண்டாக வெட்டப்பட்ட கேபிள் மட்டும் தரையில் கிடக்கிறது. "பூட்டிட்டுத்தானே போனேன்!" என்ற புலம்பல் சென்னை போன்ற நகரங்களில் புதிது இல்லை.

கியர் சைக்கிள் ஓட்டும் ஐடி ஊழியருக்கு அது பண நஷ்டம். ஆனால் கேரியரில் டீ கேன் வைத்து விற்பவருக்கும், சைக்கிளில் உணவு டெலிவரி செய்பவருக்கும் சைக்கிள் போனால் அன்றைய வருமானமே போச்சு. சரி, எந்தப் பூட்டை நம்பலாம்?

உடைக்க முடியாத பூட்டு இருக்கிறதா?

இல்லை. பேட்டரியில் ஓடும் கட்டிங் மெஷின் கையில் இருந்தால் எவ்வளவு கனமான பூட்டையும் அறுத்துவிடலாம். பூட்டு செய்யும் வேலை ஒன்றுதான்: திருடனுக்கு ஆகும் நேரத்தையும் சத்தத்தையும் கூட்டுவது. சில நொடிகளில் சத்தமில்லாமல் வெட்ட முடிகிற பூட்டுக்கும், பல நிமிடம் தீப்பொறி பறக்க அறுக்க வேண்டிய பூட்டுக்கும் நடுவில்தான் சைக்கிள் மிஞ்சுவதும் போவதும் இருக்கிறது.

எந்தப் பூட்டு எவ்வளவு தாங்கும்?

கேபிள் லாக்: சுருள் சுருளாக, கலர் பிளாஸ்டிக் உறை போட்டு வருவது. விலை குறைவு, எடை குறைவு, அதனால் அதிகம் விற்பதும் இதுதான். உறைக்குள் இருப்பது மெல்லிய கம்பி இழைகள். நல்ல கட்டர் இருந்தால் நொடிகளில் முடிந்துவிடும். டீ குடிக்கும் நேரத்துக்கு, கண் பார்வையில் இருக்கும் சைக்கிளுக்கு மட்டும் சரி.

நம்பர் லாக்: சாவி தொலையும் பயம் இல்லை. ஆனால் 3 இலக்க பூட்டில் மொத்தமே 1,000 எண்கள்தான். ஒரு எண்ணுக்கு 2 நொடி என்றாலும் 35 நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். 4 இலக்கம் என்றால் 10,000 எண்கள். வாங்குவதாக இருந்தால் 4 இலக்கமே வாங்குங்கள்.

பின் சக்கரப் பூட்டு: பழைய கருப்பு சைக்கிள்களில் பார்த்தது. சக்கரம் சுற்றாது, அவ்வளவுதான். சைக்கிளை அப்படியே தூக்கி ஆட்டோவில் ஏற்றினால் தடுக்க எதுவும் இல்லை. இரண்டாவது பூட்டாக வைத்துக்கொள்ளலாம்.

சங்கிலிப் பூட்டு: இதில் கவனிக்க வேண்டியது கண்ணியின் தடிமன். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் சாதாரண இரும்புச் சங்கிலியை போல்ட் கட்டர் எளிதாக வெட்டிவிடும். கடினமாக்கப்பட்ட ஸ்டீலில், 10 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடிமன் இருந்தால் நல்லது. குறை, எடை அதிகம். தினமும் வீட்டிலேயே நிறுத்துபவர்களுக்கு இது பொருத்தம்.

யூ-லாக்: 'U' வடிவ கனமான கம்பி, அதன் குறுக்கே ஒரு தண்டு. எடைக்கும் பாதுகாப்புக்கும் பார்த்தால் நகரத்துக்கு இதுதான் முதல் சாய்ஸ். ரொம்பப் பெரியதாக வாங்க வேண்டாம். உள்ளே காலி இடம் அதிகமாக இருந்தால் கம்பியையோ ஜாக்கியையோ நுழைத்து நெம்பிவிடுவார்கள்.

பேனாவால் திறந்த பூட்டு

கனமாக இருந்தால் மட்டும் போதாது, சாவித் துவாரமும் முக்கியம். 2004-ல் அமெரிக்காவின் கிரிப்டோநைட் நிறுவனத்தின் பிரபலமான யூ-லாக்குகளை, சாதாரண பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயைச் செருகியே திறக்க முடிவது வீடியோவாக இணையத்தில் பரவியது. பிரச்சனை, அதன் வட்ட வடிவ சாவித் துவாரத்தில் இருந்தது. கடைசியில் நிறுவனமே பூட்டுகளை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. மலிவான பூட்டுகளில் இன்னமும் வட்டச் சாவி வருவதைப் பார்க்கலாம். தட்டைச் சாவி உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பூட்டைச் சோதித்துத் தரச்சான்று கொடுக்கும் அமைப்புகளும் உண்டு. பிரிட்டனின் 'சோல்ட் செக்யூர்' பிரான்ஸ், சில்வர், கோல்ட், டைமண்ட் என்று தரம் பிரிக்கிறது. பூட்டு அட்டையில் இந்தச் சான்று இருந்தால் நம்பி வாங்கலாம். பட்ஜெட்டுக்கு சைக்கிள் ஓட்டுபவர்கள் சொல்லும் எளிய கணக்கு, சைக்கிள் விலையில் 10 சதவீதம். 15 ஆயிரம் ரூபாய் சைக்கிள் என்றால் பூட்டுக்கு 1,500 ரூபாய்.

எங்கே, எப்படி பூட்டுவது?

நல்ல பூட்டு வாங்கி தப்பாகப் பூட்டினால் பணம் வீண்.

* முன் சக்கரத்தை மட்டும் பூட்டாதீர்கள். பல கியர் சைக்கிள்களில் அதைக் கையாலேயே கழற்றிவிடலாம். சக்கரம் மட்டும் மிஞ்சும். ஃபிரேமும் பின் சக்கரமும் சேர்ந்து பூட்டுக்குள் வர வேண்டும்.
* தரையில் பதித்த கம்பி, கிரில் போன்றவற்றோடு சேர்த்துப் பூட்டுங்கள். உயரம் குறைந்த கம்பம் என்றால் சைக்கிளை மேலே தூக்கி எடுத்துவிடலாம்.
* பூட்டு தரையில் படக்கூடாது. தரையில் வைத்து சுத்தியலால் அடிப்பது எளிது.
* சாவித் துவாரம் கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கட்டும். மழைத் தண்ணீரும் உள்ளே போகாது.
* ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடமே நல்லது. அபார்ட்மென்ட் பார்க்கிங்தானே, வாட்ச்மேன் இருக்கிறாரே என்று பூட்டாமல் விட வேண்டாம்.

கடலோர நகரங்களில் உப்புக் காற்றால் பூட்டு துருப்பிடித்து இறுகிவிடும். உடனே தேங்காய் எண்ணெய் விடுவது வழக்கம். அது தூசியைப் பிடித்து இன்னும் இறுக்கிவிடும். கிராஃபைட் பொடி போட்டால் போதும். அவசரத்துக்குப் பென்சில் ஊசியைப் பொடித்தும் போடலாம்.

திருடு போனால் என்ன செய்வது?

சைக்கிளுக்கு நம்பர் பிளேட் இல்லை, ஆர்.சி புக் இல்லை. அதன் அடையாளம் ஃபிரேம் நம்பர் மட்டும்தான். பெரும்பாலும் பெடல் பகுதிக்கு அடியில் பொறித்திருப்பார்கள். சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி இன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பில்லையும் போட்டோ எடுத்து வைப்பது அவசியம். போலீஸில் புகார் கொடுக்கும்போது இரண்டையும் இணைத்து, சி.எஸ்.ஆர் ரசீது கேட்டு வாங்குங்கள்.

பில் ஏன் முக்கியம்? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவின்படி, திருட்டுக்கு 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான். சைக்கிளின் மதிப்பைக் காட்ட உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்த பில்தான்.

மொத்தத்தில், ஒரு யூ-லாக், அசையாத ஒரு கம்பி, போனில் ஃபிரேம் நம்பர் போட்டோ. இந்த மூன்றும் இருந்தால், பக்கத்தில் கேபிள் லாக் போட்டு நிற்கும் சைக்கிளை விட உங்கள் சைக்கிள் மாலையில் அதே இடத்தில் நிற்க வாய்ப்பு அதிகம்.