மீதி எங்கே நிற்க வேண்டும்? முழு எண் வகுத்தலும் நிரல்மொழிகளும்

சிங்கப்பூரின் மேற்கு முனையில், கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தின்மீது துவாஸ் துறைமுகம் வளர்ந்து வருகிறது. 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட அத்துறைமுகம், 2040களில் முழுமை பெறும்போது ஆண்டுக்கு 6.5 கோடி கொள்கலன்களைக் கையாளும் திறன் பெற்றிருக்கும். அங்கே ஓட்டுநரில்லா வாகனங்கள் கொள்கலன்களைச் சுமந்து செல்கின்றன. எந்தப் பெட்டி எங்கே செல்ல வேண்டும் என்பதை அதன்மேல் எழுதப்பட்ட எண்ணைக் கொண்டே கணினி அறிகிறது. அவ்வெண் பிழையின்றிப் படிக்கப்பட்டதா என்பதை உறுதிசெய்ய உதவுவது, நாம் தொடக்கப்பள்ளியில் கற்ற வகுத்தல் கணக்குதான்.

கொள்கலன் எண்ணில் நான்கு எழுத்துகளும் ஆறு இலக்கங்களும், இறுதியில் ஒரு சரிபார்ப்பு இலக்கமும் உண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. முதல் பத்து இடங்களின் மதிப்புகளை முறையே 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுக்க வேண்டும். கூட்டுத்தொகை 6185 என வந்தால் ஈவு 562, மீதி 3. அந்த 3தான் சரிபார்ப்பு இலக்கம். (மீதி 10 ஆயின் அது 0 எனக் கொள்ளப்படும்.) இங்கே ஈவை எவரும் பொருட்படுத்துவதில்லை, மீதியே பயன்தருகிறது.

இதுவரை சிக்கல் ஏதுமில்லை. மிகை எண்களை வகுக்கும்போது எல்லா நிரல்மொழிகளும் ஒரே ஈவையும் ஒரே மீதியையும் தருகின்றன. குறை எண் உள்ளே நுழைந்தவுடன் அவை பிரிந்து நிற்கின்றன. நமக்கு மிக நெருக்கமான ஒரு நாளைக் கொண்டே இதனை விளக்கலாம்.

பெரும்பாலான கணினிகள் காலத்தை 1970 ஜனவரி 1 முதல் எண்ணுகின்றன. அந்நாள் வியாழக்கிழமை. வியாழன் 0, வெள்ளி 1, சனி 2, ஞாயிறு 3, திங்கள் 4 எனக் குறித்துக்கொண்டால், எந்த நாளின் எண்ணையும் 7ஆல் வகுத்துக் கிடைக்கும் மீதி அதன் கிழமையைச் சொல்லிவிடும். சிங்கப்பூர் விடுதலை பெற்ற 1965 ஆகஸ்ட் 9, அந்தத் தொடக்க நாளுக்கு 1606 நாள்கள் முந்தியது. ஆகவே கணினியின் கணக்கில் அதன் எண் −1606.

இதனை 7ஆல் வகுப்போம். பைத்தான் மொழி ஈவு −230, மீதி 4 என்கிறது. நான்கு என்பது திங்கள். விடுதலை நாள் திங்கட்கிழமைதான். சி, ஜாவா ஆகிய மொழிகளோ ஈவு −229, மீதி −3 என்கின்றன. ‘மைனஸ் மூன்றாம் கிழமை’ என ஒன்று இல்லை. எனினும் இரு விடைகளும் கணித அளவில் சரியானவையே. வகுக்கும் எண்ணை ஈவால் பெருக்கி மீதியைக் கூட்டினால் இரண்டிலும் −1606 கிடைக்கிறது. வேறுபாடு, ஈவை எப்பக்கம் முழுமையாக்குவது என்பதில்தான் இருக்கிறது. பைத்தான் எப்போதும் கீழ்நோக்கி முழுமையாக்குகிறது. சி மொழி சுழியத்தை நோக்கி வெட்டுகிறது.

இவ்வேறுபாடு வரலாற்றில் விளைந்தது. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் சுழியத்தை நோக்கி வெட்டும் வழக்கத்தைக் கொண்டிருந்தது. சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரம், குறை எண் வகுத்தலில் எப்பக்கம் முழுமையாக்குவது என்பதை ஒவ்வொரு செயலாக்கத்தின் விருப்பத்திற்கும் விட்டது. அதனால் ஒரே நிரல் இரு கணினிகளில் இரு விடைகள் தரக்கூடிய நிலை இருந்தது. 1999ஆம் ஆண்டுத் தரமே சுழியத்தை நோக்கி வெட்டுவதைக் கட்டாயமாக்கியது. 1992இல் ரேமண்ட் பூட் என்னும் அறிஞர் மூன்றாம் வழியொன்றை வலியுறுத்தினார்: வகுக்கும் எண் மிகையாயினும் குறையாயினும் மீதி ஒருபோதும் குறை எண்ணாக இருத்தலாகாது.

மீதியின் அருமையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்க மரபில், கலியுகத் தொடக்கம் முதல் கழிந்த நாள்களைக் கணக்கிட்டு, சில குறித்த எண்களால் அடுத்தடுத்து வகுப்பர். இறுதியில் 248ஆல் வகுத்து வரும் மீதியே நிலவின் நிலையைக் காட்டும் வாக்கியத்திற்கு வழிகாட்டும். ஜான் வாரன் என்பவர் 1825இல் வெளியிட்ட ‘காலசங்கலித’ என்னும் நூலில், புதுச்சேரித் தமிழ்க் கணியர் ஒருவர் சோழிகளைத் தரையில் அடுக்கிக் கிரகணம் கணித்த முறையைப் பதிவுசெய்துள்ளார். கலியுகத் தொடக்கமோ கி.மு. 3102. தொடக்கப் புள்ளி அவ்வளவு தொலைவில் இருந்தமையால், கணியருக்கு வேண்டிய நாள் எதுவும் குறை எண்ணாக வரவில்லை. கணினியோ தன் தொடக்கத்தை அண்மையில் வைத்துக்கொண்டது. ஆகவே நம் பெற்றோர், பாட்டன் பாட்டியரின் பிறந்தநாள்கள் பலவும் குறை எண்களாகிவிட்டன.

அவ்வாறாயின், நிரல்மொழி எவ்வழியைப் பின்பற்ற வேண்டும்? கிழமை, மணி, சுற்றிச் சுற்றி வரும் வரிசை ஆகியவற்றுக்குக் கீழ்நோக்கிய முறையே பொருந்தும். ஒற்றை எண்ணைக் கண்டறிய, 2ஆல் வகுத்து ‘மீதி 1 ஆகுமா?’ என வினவும் மாணவர், சி மொழியில் −7ஐ ஒற்றை எண் அன்று என முடிவுசெய்துவிடுவார்; அங்கே மீதி −1. ஆனால் 7 வெள்ளிக் கடனை இருவர் முழு வெள்ளியாகப் பகிர்வதாயின், ஆளுக்கு 3 வெள்ளிக் கடன், மீதி 1 வெள்ளிக் கடன் என்பதே இயல்பு. இங்கே சுழியத்தை நோக்கி வெட்டுவது பொருந்துகிறது. துவாஸைக் காணச் செல்லும் 130 மாணவருக்கு 40 இருக்கைப் பேருந்துகள் எத்தனை வேண்டும் என்றாலோ, ஈவு 3 எனினும் விடை 4. அங்கே மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும்.

ஆதலால், ஒரே குறிக்குள் ஒரு முறையை மட்டும் ஒளித்துவைப்பதைவிட, இரு முறைகளுக்கும் தனித்தனிப் பெயரிட்டு வழங்குவதே நன்று. அடா, ஹாஸ்கெல் ஆகிய மொழிகள் இதைச் செய்துள்ளன. ஜாவாவும் 2014இல் கீழ்நோக்கிய வகுத்தலுக்குத் தனிச் செயற்கூறு ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. பெயரிடாமல் ஒன்றை மட்டுமே இயல்பாக அமைக்க நேர்ந்தால், கீழ்நோக்கிய முறையையே நாம் பரிந்துரைப்போம். 7ஆல் வகுத்தால் மீதி 0 முதல் 6 வரைக்குள் நிற்கும் என்னும் உறுதியை அது தருகிறது. குறை எண் வந்தாலும் அவ்வுறுதி குலைவதில்லை.

நம் பள்ளிகளின் சாதாரண நிலைக் கணினிப் பாடத்தில் மாணவர் பைத்தான் கற்கின்றனர். பின்னர் அவர்கள் சி, ஜாவா மொழிகளுக்குச் செல்லும்போது குறி மாறாதிருக்கும், பொருள் மாறியிருக்கும். பிழைச் செய்தி எதுவும் திரையில் தோன்றாது. தவறான விடை மட்டுமே வரும். ஆகவே ஆசிரியர்கள் புதிய மொழி ஒன்றைக் கற்பிக்கும் முதல் வாரத்திலேயே −1606ஐ 7ஆல் வகுக்கச் சொல்லலாம். ஈவு, மீதி என்னும் இரு சொற்களும் நம் மாணவருக்குத் தொடக்கப்பள்ளி முதலே பழக்கமானவை. மீதி எங்கே நிற்கிறது என்று வினவும் பழக்கத்தை மட்டும் நாம் அவற்றோடு சேர்த்துக் கொடுத்தால் போதும். விடை திங்கட்கிழமை என வருகிறதா என்பதை அவர்களே சரிபார்த்துக்கொள்வார்கள்.